வாசிப்பு நின்ற இடம்

பெரிய ஹாரா யூதக் குடியிருப்பு, ஜெர்பா தீவு
20 ஜனவரி 1963

கடவுள் துணை.

அன்பு அக்கா நெஜ்மாவுக்கும் பெரெட்ஸ் அத்தானுக்கும் பஹீஜா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். எருசலேம் குளிரில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. அப்பாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. பட்டறையில் மோதிரத்தை இடது கண்ணுக்குள் போட்டுவிடுவார் போல அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார். கேட்டால் வெளிச்சம் போதவில்லை என்கிறார்.

இங்கும் அங்கும் நேர்த் தபால் இல்லாததால் உன் கடிதம் மார்செய் சித்தப்பா உறை மாற்றி அனுப்பி, வீட்டுக்கு வராமல் பள்ளிக்கூட முகவரிக்கு வந்து சேர்ந்தது. சித்தப்பா படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். ஓரத்தில் காப்பிக் கறை.

நீ கேட்டபடி நேற்று அப்பா சொன்ன கதையை இத்துடன் எழுதியிருக்கிறேன். ஓய்வுநாள் மதியத்தில் எழுதக்கூடாதே. மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடியும்வரை மனதிலேயே வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் இருந்தேன். முற்றம் நிறையப் பெண்களும் குழந்தைகளும். மோசேயைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்ட கதை. அப்பா சொன்னது அப்படியே: “கூடைக்கு வெளியே கீல், உள்ளே களிமண். ஏன்? கீல் நாத்தம் பிள்ளை மூக்குல ஏறக்கூடாது. ஆத்துல விடப்போற பிள்ளைக்கு நாத்தம் பாக்கிறா பாரு, அவதான் பெத்தவ.” கமூனா மாமி அழுதுவிட்டாள். அவளுக்கு எதற்கும் அழுகை வரும்.

ஒன்று கவனித்தேன். அப்பா முன்பெல்லாம் இவ்வளவு நிறுத்திச் சொல்லமாட்டார். இப்போது நல்ல வரி வந்தால் இரண்டு தரம் சொல்கிறார். கதை என் கையிலிருந்து எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். எருசலேமில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் அறிவிப்பு இங்கே வந்திருக்கிறது. விடுதியில் இடமில்லை, ஊரில் சொந்தக்காரர் வீடு உள்ள வெளியூர்ப் பெண்களை மட்டும் சேர்ப்பார்களாம். அக்டோபரில் கூடாரப் பண்டிகை முடிந்ததும் வகுப்பு. நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன் வீட்டில் எனக்கு ஒரு மூலை போதும். நீ கல்யாணம் செய்துகொண்ட செய்தி வந்த வாரம் அப்பா தோரா வேதச் சுருளைத் தொட்டுச் செய்த சத்தியத்தை நான் மறக்கவில்லை. அவள் கையால் எதையும் வாங்கமாட்டேன், என் வீட்டு ஆள் யாரும் அவள் வாசற்படி மிதிக்கக் கூடாது என்றார். ஆனால் சத்தியத்தை அவிழ்க்க வழி இருக்கிறது, இல்லையா?

நீங்கள் நலமாக நூறாண்டு வாழ,
பஹீஜா

*

எருசலேம்
3 மார்ச் 1963

என் கண்ணே பஹீஜா,

உனக்கும் அம்மாவுக்கும் சமாதானமும் சுகமும். நாங்கள் நலம். அத்தானுக்கு இருமல் விட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ஈயத்தூசிதான் காரணம் என்று வைத்தியர் சொல்கிறார். அத்தான் என் சமையல்தான் காரணம் என்கிறார். போலந்துக்காரருக்கு மிளகாய் என்றால் கொலைமுயற்சி.

களிமண் வரி! பதிப்பாசிரியர் அம்மாளிடம் படித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுநாள் மேசையில் குடும்பமாக உட்கார்ந்து வாசிக்கிற வேதக்கதைப் புத்தகம் என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்களாம். எல்லாவற்றிலும் தேவதைகள் பஞ்சு மாதிரி இருக்கிறார்களாம். இதில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். ஆண்டு முடிவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். எனக்கு ரூத் கதை வேண்டும், யோனா வேண்டும், முக்கியமாக யெப்தா. நீ அங்கே இருப்பதால்தான் இந்தப் புத்தகமே. நான் எத்தனை ஞாபகப்படுத்தினாலும் என் கையில் அப்பாவின் கதை பத்திரிகைச் செய்தி மாதிரி ஆகிவிடுகிறது.

பள்ளி விஷயம் நல்ல யோசனைதான். அதைப் பற்றி நிதானமாகப் பேசுவோம். எங்கள் வீடு சிறியது என்பது உனக்குத் தெரியும். அதைவிட, அந்தச் சத்தியம் இருக்கிறதே. அதைச் செய்தவர்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

யெப்தாவை மறக்காதே.

முத்தங்களுடன்,
நெஜ்மா

*

ஜெர்பா
28 மார்ச் 1963

கடவுள் துணை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். பாஸ்காப் பண்டிகைக்கு வீடு கழுவி எல்லோருக்கும் இடுப்பு போய்விட்டது. மற்றபடி சுகம். உங்கள் சுகமும் அப்படியே ஆகட்டும், இடுப்பைத் தவிர.

எஸ்தர் கதை தனித் தாளில் இருக்கிறது. ரூத் அடுத்த முறை.

நம் ஊர் மதகுரு ரப்பி யூனிஸை நான்தான் வீட்டுக்கு வரச் சொன்னேன். தேநீர் குடிக்க வந்தவர்போல வந்தார். நான் உள்ளே பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. அவர் மெதுவாக ஆரம்பித்தார். மூன்று பேர் தீர்ப்பாளராக உட்கார்ந்தால் போதும், இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் சத்தியம் பண்ணியிருக்கமாட்டேன் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அவிழ்த்துவிடுவார்கள், ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்றார்.

அப்பா சொன்னார்: “தெரிஞ்சிருந்தாலும் பண்ணியிருப்பேன், ரப்பி. மூணு பேரை உக்கார வெச்சு என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“அவ மன்னிப்புக் கேட்டா என்ன பண்ணுவீங்க?” என்றார் ரப்பி.

கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா, “கேட்டா அது வேற” என்றார்.

அது போதும், அதுவே வாசல் என்று ரப்பி எழுந்துவிட்டார். போகும்போது என்னிடம் சொன்னது: அப்பா உன் கையால் எதையும் வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதால் அவருக்கு எழுதாதே. ரப்பிக்கு எழுது. ஒரு வரி. அவர் வாசித்துக் காட்டுவார், அன்றே உட்காருவார்கள்.

அம்மா பிறகு சொன்னாள்: “ரெண்டு கழுதைக்கு ஒரே தண்ணித் தொட்டி. எது முதல்ல குனியறதுன்னு பாத்துக்கிட்டு நிக்குதுங்க. தாகத்துல சாகறது மூணாவது கழுதை.” உன்னைக் கழுதை என்றதற்கு என்னைத் திட்டாதே. அம்மா சொன்னது.

காபெஸ் ஊரிலிருந்து ஒருவர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார், ரஹ்மீன் என்று பெயர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறதாம். அம்மா பொன் விளிம்புக் கோப்பைகளை எடுத்தாள். பாஸ்காவுக்காக எடுத்ததாகச் சொன்னாள். பாஸ்காவுக்குப் பத்து நாள் இருக்கிறது.

பண்டிகை இனிதாகட்டும்.
பஹீஜா

*

எருசலேம்
5 மே 1963

பஹீஜா,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் எதை எழுதியிருப்பேனோ என்ற பயம்தான். இப்போது ஆறியிருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்.

என் கல்யாணத்தன்று எனக்குப் பின்னால் அம்மா இடத்தில் நின்றது என் வாடகை வீட்டுக்காரி. எனக்கு எந்த உறவும் இல்லாத அந்த ருமேனியக் கிழவி என் முக்காட்டைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பிரிக்காமல் திரும்பி வந்தன. மூன்றாவதில் மன்னிப்பு என்ற வார்த்தை இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை. நான் செய்த குற்றம், அவர் பார்த்து வைக்காத ஒரு நல்ல மனிதனைக் கட்டிக்கொண்டது. இப்போது ரப்பிக்கு எழுத வேண்டுமாம். ஊர்ப் பெரியவர் நடுவில் உட்கார்ந்து என் கெஞ்சலை உரக்க வாசிப்பார். கமூனா மாமி அழுவாள்.

மாட்டேன். அவர் வருந்துகிறேன் என்று ஒரு சொல் சொல்லட்டும். சட்டம் கேட்பதே அதைத்தானே? என் கடிதம் இல்லாமலே அவரால் சத்தியத்தை அவிழ்க்க முடியும். என்னால் அவர் இல்லாமல் முடியாது. அப்படியானால் யார் முதலில்?

இதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை. உன்மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. எஸ்தர் கதையில் ராஜாவுக்குத் தூக்கம் வராத பகுதி அருமை. யெப்தாவைக் குழந்தைகள் புத்தகத்தில் சேர்க்க வேண்டாம் என்கிறார் பதிப்பாசிரியர். நான் விடப்போவதில்லை. அனுப்பு.

நெஜ்மா

*

ஜெர்பா
1 ஜூலை 1963

கடவுள் துணை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் சமாதானம். வெயில் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அம்மா சுகம். அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் மங்கல். அந்தந்த வாரத்து வேதப் பகுதியை வெள்ளி மாலை நான் வாசித்துக் காட்டுகிறேன். அவர் மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் கதை சொல்கிறார். புத்தகத்தை மட்டும் மடியில் திறந்து வைத்துக்கொள்கிறார்.

யெப்தா வந்துவிட்டான். நேற்று முன்தினம் ஜெப ஆலயத்தில் அந்தப் பகுதிதான். பெண்கள் பக்கத்துச் சுவரோரம் நின்று கேட்டேன். யெப்தா சண்டைக்குப் போகுமுன் நேர்ந்துகொள்கிறான்: ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலைத் தாண்டி எது எதிரே வருகிறதோ அது கடவுளுக்குப் பலி. போகிறான். ஜெயிக்கிறான். வாசிப்பு அங்கே நின்றுவிட்டது. எல்லா வருடமும் அங்கேதான் நிற்குமாம். எனக்கு இப்போதுதான் உறைத்தது. அடுத்த வரியில்தான் மகள் மேளம் தட்டிக்கொண்டு வெளியே வருகிறாள்.

பின்னாலிருந்து கமூனா மாமி, “பொண்ணு வெளிய வர்றதுக்குள்ள மூடிட்டாங்க. ஆம்பளைங்களுக்குப் பசி” என்றாள்.

மதியம் அப்பாவும் அதே இடத்தில் நிறுத்தினார். ஒரு குழந்தை, “யாரு வந்தா?” என்று கேட்டது. “ஒரு பொண்ணு” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னது இது:

“யெப்தா படிக்காதவன், சண்டைக்காரன். வாய் தவறிடுச்சு. அந்தக் காலத்துல பினெகாஸ்னு தலைமைக் குரு இருந்தார். ஒரு வார்த்தையில அவிழ்த்திருக்கலாம். ‘அவனுக்குத்தானே வேணும், அவன் வரட்டும்’னு உக்காந்துட்டார். ‘நான் படைத் தலைவன், நான் போறதா’ன்னு இவனும் உக்காந்துட்டான். மருத்துவச்சியும் பெத்தவளும் மல்லுக்கு நின்னா பிள்ளை போயிடும்னு பெரியவங்க சொன்னது இதைத்தான். ஆனா நான் சொல்றேன், பினெகாஸ்தான் இறங்கியிருக்கணும். அவருக்குத்தான் படிப்பு இருந்துச்சு.”

பாதாம் உடைத்துக்கொண்டிருந்த அம்மா, “இது யாருக்குச் சொல்றது?” என்றாள்.

“குழந்தைகளுக்கு” என்றார் அப்பா.

பயிற்சிப் பள்ளியிலிருந்து எனக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்திருக்கிறது. செப்டம்பரில் ஆண்டுப் பிறப்புப் பண்டிகைகளுக்குள் உறுதி செய்ய வேண்டும். காபெஸ்காரரும் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். நாற்பத்தொரு வயது. அப்பா என்னைக் கூப்பிட்டு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்: “ஆண்டுப் பிறப்புக்கு முந்தின நாள் வரைக்கும் பாக்கலாம். ரப்பிக்கு ஒரு வரி வந்தா அன்னிக்கே உக்காந்துடறேன், நீ எருசலேம் போ. வரலைன்னா காபெஸ்.” கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்கிற குரல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பஹீஜா

*

எருசலேம்
4 ஆகஸ்ட் 1963

என் கண்ணே,

சமாதானம். நாங்கள் சுகம். அத்தான் உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். நீ எழுதுகிற எபிரேயம் இங்கே பிறந்தவர்களுடையதைவிட நேராக இருக்கிறதாம்.

யெப்தாவை மூன்று தடவை வாசித்தேன். எங்கள் அப்பாவைப் போல ஒருவர் உலகத்தில் இல்லை. எத்தனை அழகு, எத்தனை அநியாயம். பினெகாஸ் மேல் பழியா? நேர்ந்துகொண்டது யார்? வாயைத் திறந்தவன் யெப்தா. மகள் வெளியே வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன? என்னைக் குனியவைத்துவிட்டாயே என்கிறான்! அவளைக் கொல்லப்போவது அவன், வருத்தம் அவனுக்கு. நான் அதை மாற்றி எழுதிவிட்டேன். என் புத்தகத்தில் பினெகாஸ் வாசல் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். யெப்தாதான் வரவில்லை.

நீ எழுதிய மற்றதைப் பற்றி. அப்பா உன்னைப் பிணையாக வைத்து என்னைக் குனியச் சொல்கிறார். இதற்கு இடம் கொடுத்தால் நாளைக்கு இன்னொன்று வரும். அவர் சொன்னபடி செய்யமாட்டார், பஹீஜா. கண் தெரியாத மனிதர், உன்னை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை யார் வாசிப்பதாம்? காபெஸில் கடற்காற்று நன்றாக இருக்கும் என்பார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன். உனக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு. வாய் உனக்கும் இருக்கிறது.

பதிப்பாசிரியர் ஒன்று கேட்கிறார். மகள் தன் தோழிகளோடு மலைக்குப் போய் இரண்டு மாதம் அழ அனுமதி கேட்கிறாள் அல்லவா? அந்த இரண்டு மாதம் அங்கே என்ன செய்தாள் என்று குழந்தைகள் கேட்பார்கள். அப்பாவிடம் கேட்டு எழுது. சீக்கிரம்.

நெஜ்மா

*

ஜெர்பா
25 ஆகஸ்ட் 1963

கடவுள் துணை.

அக்காவுக்கு. எல்லோரும் சுகம்.

அப்பாவிடம் கேட்டேன். “அழுதா. அதுதான் எழுதியிருக்கு” என்றார். அதற்கு மேல் அவரிடம் கதை இல்லை. ஆகவே இது நான் எழுதுவது.

முதல் வாரம் எல்லோரும் அழுதார்கள். இரண்டாம் வாரம் ஒருத்திக்குக் கால் சுளுக்கி அதைப் பார்ப்பதில் அழ மறந்தார்கள். அத்தி பழுத்திருந்தது. ராத்திரியில் ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிட்டார்கள். ஒருநாள் ஒருத்தி எதிர் மேட்டைக் காட்டி, அதைத் தாண்டினால் வேறு நாடு, அங்கே உங்கப்பா பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது என்றாள். அன்று முதல் எல்லோரும் அந்த மேட்டுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்கள்.

யெப்தாவின் மகள் தினமும் காலையில் ஊர்ப் பக்கத்துப் பாதையைப் பார்த்தாள். கீழேயிருந்து யாராவது ஏறி வந்து, பேசி முடித்துவிட்டார்கள், நீ இறங்கி வா என்று சொல்லக்கூடும். இரண்டு பெரியவர்கள். ஒரு நாள் நடை தூரம். இரண்டு மாதத்தில் யாராவது ஒருவர் நடந்திருக்கமாட்டாரா? அவள் அதற்காகத்தான் அவகாசம் கேட்டாள் என்று நினைக்கிறேன். அழுவதற்கு யாருக்கு இரண்டு மாதம் வேண்டும்?

அவள் ஏன் ஓடிப்போகவில்லை என்று உன் பதிப்பாசிரியர் கேட்டால்: தகப்பன் வாக்குத் தவறினான் என்று ஊர் சொல்லும், அந்த முகத்தோடு அவர் சந்தைக்கு நடந்துபோவதை அவளால் நினைக்க முடியவில்லை. அவ்வளவுதான். பெரிய காரணம் இல்லை.

அக்கா, வாய் எனக்கும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சரி, சொல்கிறேன். ரப்பிக்கு எழுது. தவறு உன்னுடையது என்பதற்காக அல்ல. அவர் கடிதத்தைத் திருப்பியது தவறு. மூன்றையும் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தது என் கைதான், எனக்குத் தெரியாதா? எனக்காக எழுது. எனக்கு காபெஸ் வேண்டாம். இதற்கு முன் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

பஹீஜா

*

எருசலேம்
10 செப்டம்பர் 1963

என் கண்ணே பஹீஜா,

ஆண்டு பிறக்கிறது. உங்கள் எல்லோருக்கும் நல்லது எழுதப்படட்டும். மன்னித்துக்கொள், மெய்ப்புத் தாள்களில் மூழ்கிக் கிடக்கிறேன். அத்தானே எழுத்துக் கோக்கிறார், நானே திருத்துகிறேன். வீட்டில் பேச்சே காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்தான்.

உன் இரண்டு மாதம்! அத்தி, பின்னல், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பாதையைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன், குழந்தைகளுக்குக் கனம். முடிவில் அவள் இறங்கி வருவதில்லை. மலையிலேயே ஒரு வீடு கட்டிக்கொள்கிறாள், தோழிகள் வருடா வருடம் வந்து பார்க்கிறார்கள். அப்படியும் உரையாசிரியர்கள் சொல்லியிருக்கிறார்களே. பதிப்பாசிரியருக்கும் சம்மதம்.

நீ கேட்டதைச் செய்ய உட்கார்ந்தேன். உண்மையாகவே உட்கார்ந்தேன். ‘மதிப்புக்குரிய ரப்பி யூனிஸ் அவர்களுக்கு’ வரை வந்தது. அதற்கு மேல் கை வரவில்லை. என்னைப் புரிந்துகொள்கிறவள் நீ ஒருத்திதான். ஒரு வருடம் பொறு. பள்ளி எங்கும் போய்விடாது. புத்தகம் வெளிவரட்டும், அப்பாவே இளகிவிடுவார்.

நெஜ்மா

*

ஜெர்பா
23 செப்டம்பர் 1963

கடவுள் துணை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் புதிய ஆண்டின் வாழ்த்து. நாங்கள் சுகம்.

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. முன்னதாகக் கிடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதால் தபாலைக் குறை சொல்லவில்லை.

ஆண்டுப் பிறப்புக்கு முந்தின நாள் காலையில் ஜெப ஆலய முற்றத்தில் வழக்கம்போல மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் ஆண்கள் வரிசையாக நின்று வருடத்துச் சத்தியங்களை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனது நான்; வாசலருகே நின்றேன். அவர் முறை வந்தது. பொதுவாகச் சொல்வதைச் சொன்னார். அவிழ்ந்தது, அவிழ்ந்தது, அவிழ்ந்தது என்றார்கள். ரப்பி யூனிஸ், “வேற ஏதாவது உண்டா, சாசி?” என்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது. ஆனால் நான் எங்கே நிற்பேன் என்று தெரியும்.

“எனக்கு ஏதாவது வந்துச்சா, ரப்பி?”

“வரலை.”

“அப்ப வேற ஒண்ணும் இல்லை.”

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் இரண்டு தரம் நின்று என் பக்கம் திரும்பினார். படி இருக்கிறது என்று மட்டும் சொல்லி நடத்திக்கொண்டு போனேன். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அம்மா மட்டும் அன்று மாலை மாதுளையை உடைக்கும்போது, “உங்க பினெகாஸும் வரலை, நீங்களும் போகலை. சாப்பிடுங்க” என்று தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

கூடாரப் பண்டிகை முடிந்த வாரம் கல்யாணம். பயிற்சிப் பள்ளிக்கு, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று எழுதிவிட்டேன்.

யோனா கதை இத்துடன். நீ கேட்டிருந்தாய்.

பஹீஜா

*

எருசலேம்
2 டிசம்பர் 1963

என் கண்ணே, என் தங்கமே பஹீஜா,

உனக்கும் ரஹ்மீனுக்கும் ஆயிரம் வாழ்த்து. கல்யாணத்துக்கு எழுதவில்லை என்று கோபமா? என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

நான் உண்டாகியிருக்கிறேன். ஐந்தாம் மாதம். நாலு வருடத்துக்குப் பிறகு! யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், கண் பட்டுவிடும் என்று. வயிற்றுக்குள் அது அசைந்த அன்று முழுக்க எனக்கு அம்மாவின் கை வேண்டும் போலிருந்தது. முக்காடு சரிசெய்ய ருமேனியக் கிழவி போதும், இதற்குப் போதாது. அன்றே ரப்பி யூனிஸுக்கு எழுதினேன். நான்கு பக்கம். மன்னிப்புக் கேட்டேன், அப்பா பாதம் தொட்டுக் கேட்பதுபோலக் கேட்டேன். எழுதுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் போயிற்று. நீ சொன்னபோதே செய்திருக்கலாம்.

புத்தகமும் வந்துவிட்டது, ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன். நன்றாக விற்கிறது, இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். நீ ஓய்வுநாளுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டு எழுது. அறைக்கு வெள்ளையடித்துவிட்டோம். நீயும் ரஹ்மீனும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

உன் நெஜ்மா

*

காபெஸ்
26 ஜனவரி 1964

கடவுள் துணை.

அக்காவுக்கும் அத்தானுக்கும். நான் சுகம். குழந்தைகள் சுகம். அவர் சுகம், நல்ல மனிதர், குரல் உயர்த்துவதில்லை, அதிகம் பேசுவதும் இல்லை. முதல் மனைவியின் உடைகள் பெட்டியில் இருக்கின்றன. எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

உன் கடிதம் ரப்பிக்குக் கிடைத்த மறுநாளே மூன்று பேர் உட்கார்ந்தார்கள். சாதாரண வியாழக்கிழமை, அப்பாவின் பட்டறையிலேயே. இரண்டு பேர் கடைக்காரர்கள், நகை பழுதுபார்க்க வந்தவர்கள். அடுப்பில் தேநீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டதாம். கடிதம் வாசித்தபோது அப்பா அழுதார் என்று அம்மா சொன்னாள். வருந்துகிறாயா என்று கேட்டதற்கு ரப்பி முடிக்குமுன்பே ஆமாம் என்றாராம். சந்தையில் எல்லோரிடமும், என் மகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று சொல்கிறார். எந்த மகள் என்று யாரும் கேட்கவில்லை. பாஸ்காவுக்குப் பின் உன் பிரசவத்துக்கு அம்மா வருகிறாள். அப்பாவும் வருவார்; அங்கே கண்ணுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டி இப்போதே கட்டியாயிற்று.

நான் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா என் தலையில் கை வைத்து ஆசி சொன்னார். பிறகு, “அன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காபெஸுக்குச் சரின்னு சொல்லியிருக்க மாட்டேனே” என்றார். அவருக்கு அது உண்மை. உனக்கும் உன்னுடையது உண்மைதான். நான் சண்டை போடவில்லை. கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பேருந்தில் வந்துவிட்டேன்.

புத்தகம் வந்தது. அச்சு சுத்தமாக இருக்கிறது என்று அத்தானிடம் சொல். பெரியவள் எஸ்தீராவுக்கு ஒன்பது வயது. எபிரேயம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். யெப்தா கதையைத் தானே வாசித்து முடித்துவிட்டு, “மலையிலேயே இருந்துட்டாளா? யாரும் கூப்பிட வரலையா?” என்று கேட்டாள். அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். அவள் சின்னவளுக்கு அதை இன்னொரு தடவை வாசித்துக் காட்டினாள்.

இரண்டாம் பாகத்துக்கு நான் எழுத முடியாது. சனிக்கிழமை மதியத்தில் நான் இங்கே இருக்கிறேன். இங்கே யாரும் கதை சொல்வதில்லை, தூங்குகிறார்கள். அப்பா உன் வீட்டுக்கே வருகிறார், நீயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள். நல்ல வரியை இரண்டு தரம் சொல்வார். இனி ஒரு தரம் போதும் என்று சொல்லிவிடு.

கடிதமும் அவருக்கே நேராக எழுது. உங்கள் இருவருக்கும் நடுவில் இனி ஆள் வேண்டியதில்லை.

சுகமாகப் பெற்றுப் பிழை.

பஹீஜா